யாரும் மோதவில்லை

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சில வாரங்களுக்கு முன் உங்கள் நாளிதழில் ‘பைக் பந்தயத்தில் மோதல்: பெண் உள்பட இருவர் காயம்’ என்று ஒரு செய்தி வந்தது. அந்தப் பெண் நான்தான். வலது கையில் கட்டு இருப்பதால் இதை இடது கையின் ஒற்றை விரலால் தட்டிக்கொண்டிருக்கிறேன். எழுத்துப் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். உங்கள் செய்தியில் இருந்த பிழையைத்தான் என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

அன்று நடந்தது பந்தயம் அல்ல, டிராக் டே. அதைக்கூட விட்டுவிடலாம், வெளியிலிருந்து பார்ப்பவருக்கு வித்தியாசம் தெரியாது. ஆனால் ‘பின்னால் அதிவேகமாக வந்த இளைஞர் கட்டுப்பாட்டை இழந்து, முன்னால் சென்ற பெண்ணின் வாகனத்தின் மீது மோதினார்’ என்ற வரியை விட முடியாது. அவர் மோதவில்லை. நான் விழுந்த பிறகுதான் அவர் அந்த இடத்துக்கே வந்தார். என் மேல் ஏறிவிடாமல் இருக்கத் தன் வண்டியைச் சரளைக்கல்லுக்குள் விட்டு, அங்கே விழுந்து, கணுக்காலை உடைத்துக்கொண்டார். செய்தியைப் படித்துவிட்டு அவருடைய அம்மா எனக்குப் போன் செய்து மன்னிப்புக் கேட்டார். “உங்கள் மகன் இல்லையென்றால் இந்தப் போனை எடுக்க நான் இருந்திருக்க மாட்டேன் அம்மா” என்று சொன்னேன். அவர் சமாதானமாகவில்லை. “பேப்பரிலேயே போட்டுவிட்டார்களே” என்றார்.

பேப்பரில் போட்டதைப் பேப்பரில்தான் மாற்ற முடியும். அதனால்தான் இந்தக் கடிதம். கொஞ்சம் நீளமாகப் போகும். வெட்ட வேண்டுமென்றால் என் கையைப் பற்றிய பகுதியை வெட்டுங்கள், அந்தத் தம்பியைப் பற்றியதை வேண்டாம்.

முதலில், அன்று அங்கே என்ன நடக்கிறது என்று சொல்லிவிடுகிறேன். டிராக் டே என்றால், பந்தயத்துக்காகக் கட்டிய தளத்தில் பொதுமக்களைச் சொந்த வண்டியில் ஓட்டிப் பழக விடும் நாள். நேரம் குறித்து வரிசைப்படுத்துவதில்லை, பரிசு கிடையாது, முதலில் வந்தது யார் என்ற பேச்சே இல்லை. அனுபவத்தைப் பார்த்துக் குழுக்களாகப் பிரிப்பார்கள். ஒவ்வொரு குழுவும் 15, 20 நிமிடம் ஓட்டிவிட்டு வெளியே வந்து அடுத்த குழுவுக்கு வழிவிட வேண்டும். காலையில் முதல் சுற்றுகளைப் பயிற்றுநருக்குப் பின்னால் வரிசையாகத்தான் ஓட்ட வேண்டும். நான் இருந்த குழுவில் நேர்ப்பாதையில் மட்டுமே முந்தலாம். வளைவில் முந்தினால் கறுப்புக் கொடி காட்டி உள்ளே கூப்பிட்டுவிடுவார்கள். அதற்கு அப்புறம் பேச்சு வாங்குவது தனி.

பக்கக் கண்ணாடிகளைக் கழற்றிவிட வேண்டும், விளக்குகளின் மேல் டேப் ஒட்ட வேண்டும். யாராவது விழுந்தால் கண்ணாடிச் சில்லு தளத்தில் சிதறக் கூடாது என்பதற்காக. பின்னால் பார்க்க வழி இல்லாமல் எப்படி ஓட்டுவது என்று என் அக்கா கேட்டாள். அங்கே முன்னால் போகிறவர் பின்னால் பார்க்கத் தேவையில்லை. அவர் தன் கோட்டில் போய்க்கொண்டே இருப்பார், பின்னால் வருகிறவர்தான் பார்த்து, ஒதுங்கி, முந்த வேண்டும். தளத்தில் முதல் சட்டம் இது. நீங்கள் பெயர் போட்டுக் குற்றம் சாட்டிய தம்பி, இந்தச் சட்டத்தைத் தன் காலைக் கொடுத்துக் காப்பாற்றியவர்.

இனி விழுந்த கதை. மதியத்துக்குப் பிறகு எங்கள் குழுவின் முறை, பாதி நேரத்துக்கு மேல் ஓட்டியாகிவிட்டது. சின்ன நேர்ப்பாதை ஒன்று, அதன் முடிவில் வலது பக்கம் திரும்பும் வளைவு. அன்று காலையிலிருந்து பலமுறை அதே வேகத்தில் போன வளைவுதான், 80 கிலோமீட்டர் அளவில். நேர்ப்பாதையிலேயே பிரேக்கை முடித்து விட்டாயிற்று, வண்டி வலது பக்கம் சாய்ந்தாயிற்று, என் பார்வை வளைவு முடியும் இடத்தில் இருந்தது. முன்சக்கரம் திடீரென்று உள்ளே மடங்கியது. ‘வழுக்குகிறதே’ என்று நினைக்கக்கூட நேரம் இல்லை. ஹேண்டில் கையில் லேசானது, அடுத்து என் இடுப்பு தார்மேல் இருந்தது.

இதை லோசைட் என்பார்கள். சக்கரம் பிடிப்பை இழந்து, சாய்ந்த பக்கத்திலேயே வண்டி படுத்துவிடும். ஓட்டியவர் தரையோடு தரையாகச் சறுக்கிப் போவார். இன்னொன்று ஹைசைட். பின்சக்கரம் வழுக்கிக்கொண்டே போய்ச் சட்டென்று பிடிப்பு திரும்பக் கிடைத்தால், வண்டி எதிர்ப்பக்கம் உதறி நிமிர்ந்து ஓட்டுபவரைக் காற்றில் வீசிவிடும். எனக்குக் கிடைத்தது முதல் வகை. விழுவதில் தேர்வு செய்யச் சொன்னால் யாரும் அதைத்தான் தேர்வு செய்வார்கள்.

சறுக்கும்போது செய்ய வேண்டியதைக் காலை வகுப்பில் சொல்லியிருந்தார்கள். வண்டியை விட்டுவிடு, உடம்பைத் தளர்த்து, முழுதாக நிற்கும்வரை எழ முயலாதே. இந்தக் கடைசி விஷயம் முக்கியம். தரையில் சறுக்கும்போது வேகம் குறைந்துவிட்டது போல ஒரு மயக்கம் வரும், எழுந்துவிடலாம் என்று தோன்றும். அப்போது காலை ஊன்றினால் உடம்பு உருள ஆரம்பிக்கும், எலும்புகள் உடையும். நான் வானத்தைப் பார்த்துக்கொண்டே போனேன். லெதர் சூட் தேய்கிற சத்தம் நின்ற பிறகு, மனதுக்குள் கொஞ்சம் எண்ணிவிட்டுத்தான் தலையைத் தூக்கினேன். அதற்குள் எனக்கு இடது பக்கம் சரளையில் தூசி எழும்பிக்கொண்டிருந்தது. அது அந்தத் தம்பியின் வண்டி.

நான் மருத்துவமனை ஒன்றில் எக்ஸ்ரே எடுக்கும் வேலை பார்ப்பவள். படத்தில் இருப்பது எது, இருப்பது போலத் தெரிவது எது என்று பிரித்துப் பார்ப்பதுதான் பல வருடமாக என் பிழைப்பு. அதனால் ‘அதிவேகம்’ என்று ஒரே வார்த்தையில் நீங்கள் முடித்ததை என்னால் அப்படியே ஏற்க முடியவில்லை. ஏன் விழுந்தேன் என்பதை ஒவ்வொன்றாகக் கழித்துப் பார்த்தேன்.

பிட்டில், அதாவது வண்டிகளை நிறுத்திச் சரிபார்க்கும் இடத்தில், இருந்தவர்கள் முதலில் சொன்னது, டயர் சூடாகியிருக்காது என்று. இது பொருத்தமில்லாத சந்தேகம் அல்ல. ஜெர்மனியில் சாக்ஸன்ரிங் என்ற தளத்தில் 13 வளைவுகளில் 10 இடது பக்கம் திரும்புபவை. வரிசையாக இடது பக்கமே சாய்ந்து வந்துவிட்டு, 11-வது வளைவில் வலது பக்கம் சாயும்போது டயரின் வலது ஓரம் ஆறிப்போயிருக்கும். உலக அளவில் ஓட்டுபவர்களே அந்த வளைவில் விழுந்திருக்கிறார்கள். ஆனால் எங்கள் தளத்தில் வலது வளைவுகளுக்குப் பஞ்சமில்லை. எங்கள் முறையில் பாதி நேரம் தாண்டியிருந்தது, வெயிலும் இருந்தது. வண்டியைத் தூக்கி வந்ததும் டயரில் கை வைத்துப் பார்த்தவர்கள் சூடாகவே இருக்கிறது என்றார்கள். காற்றழுத்தமும் சரியாக இருந்தது. பிரேக் காரணமில்லை, அப்போது என் விரல் லீவரில் இல்லை. வேகம் என்றால், முந்தைய சுற்றுகளில் இதே வேகத்தில் இதே இடத்தில் ஏன் விழவில்லை?

பதில் என் சூட்டிலேயே இருந்தது. வலது தொடைப் பக்கம் முழுக்கப் பச்சையாக, பிசுபிசுப்பாக ஏதோ ஒட்டியிருந்தது. மெல்லிய இனிப்பு வாசனை. என்னைத் தூக்க ஓடி வந்த மார்ஷல் (தளத்தோரம் கொடியோடு நிற்கும் பாதுகாப்பு ஊழியர்), நான் விழ ஆரம்பித்த இடத்தைக் கடக்கும்போது அவர் ஷூவே வழுக்கி ஒரு கையை ஊன்றினார். அவர் எந்த வேகத்தில் வந்தார் என்று உங்கள் செய்தியாளர் கேட்டாரா தெரியவில்லை.

அது கூலன்ட், என்ஜினைக் குளிர்விக்கும் திரவம். எங்களுக்கு முன்னால் போன ஒரு வண்டியில் ரேடியேட்டர் குழாயைப் பிடிக்கும் கிளாம்ப் தளர்ந்து, வளைவுக்குச் சற்று முன்பிருந்தே ஒழுகிக்கொண்டு போயிருக்கிறது. பிட்டில் அந்த வண்டியைப் பார்த்த மெக்கானிக் கிளாம்பை விரலாலேயே சுற்றிக் காட்டினார். ஓட்டியவருக்கு எதுவும் தெரியாது. தன் பின்சக்கரத்துக்குப் பின்னால் நடப்பது அவருக்கு எப்படித் தெரியும்? அவர் மேல் எனக்கு வருத்தமில்லை.

கூலன்ட் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் முழு விஷயமும் அதில்தான் இருக்கிறது. சாலையில் ஓடும் வண்டிகளின் ரேடியேட்டரில் ஊற்றுவது பெரும்பாலும் எத்திலீன் கிளைக்காலும் தண்ணீரும் கலந்த திரவம். குளிரில் உறையாது, உள்ளே துருப்பிடிக்காது, கொதிநிலையும் கூடும். சாலைக்கு நல்லது. ஆனால் தரையில் கொட்டினால், தண்ணீர் ஆவியாகப் போய்விடும், கிளைக்கால் போகாது. அதன் கொதிநிலை 197 டிகிரி செல்சியஸ். எவ்வளவு வெயில் அடித்தாலும் தார்மேல் வழவழப்பான ஒரு படலமாக அப்படியே கிடக்கும். பார்த்தால் வெறும் ஈரம் போலத்தான் இருக்கும். தண்ணீரில் நன்றாகக் கரையும் என்பதால், நிறையத் தண்ணீர் ஊற்றிக் கழுவித்தான் அதை எடுக்க வேண்டும். என் வளைவை அப்படித்தான் கழுவினார்கள், அதற்குப் பின்னரே அடுத்த குழுவை உள்ளே விட்டார்கள்.

வெறும் தண்ணீராக இருந்திருந்தால் சூடான தளத்தில் சீக்கிரம் காய்ந்திருக்கும். அது கொட்டியவுடன் வழுக்காது என்று சொல்ல மாட்டேன், ஆனால் ஈரத் தாரில் டயருக்கு ஓரளவு பிடிப்பு இருக்கும். கிளைக்கால் படலத்தில் அதுவும் கிடையாது. இதற்காகத்தான் பல தளங்களில் ‘ரேடியேட்டரில் தண்ணீர் மட்டும்’ என்று விதி வைத்திருக்கிறார்கள். சர்வதேச மோட்டார்சைக்கிள் கூட்டமைப்பான எஃப்ஐஎம்மின் தளப் பந்தய விதிகளிலும் தண்ணீர், அல்லது எத்தில் ஆல்கஹால் கலந்த தண்ணீர், அவ்வளவுதான் அனுமதி. சூப்பர்பைக் பந்தயங்களில் இன்னும் ஒரு படி மேலே போய், என்ஜின் உடைந்தால் எண்ணெயும் கூலன்ட்டுமாகச் சேர்த்து மொத்த அளவில் பாதியையாவது பிடித்து வைக்கிற மாதிரி வண்டியின் அடிப்பக்க ஃபேரிங் (வெளி உறை) இருக்க வேண்டும் என்கிறார்கள். இதையெல்லாம் யாரும் பொழுதுபோகாமல் எழுதவில்லை. முன்னால் போனவர் ஒழுகவிட்டதில் பின்னால் வந்தவர் விழுவது இந்த விளையாட்டில் புதிதல்ல.

தண்ணீர் மட்டும் ஊற்றினால் என்ஜின் கொதித்துவிடாதா என்று கேட்பார்கள். ரேடியேட்டர் மூடி உள்ளே அழுத்தத்தைக் கட்டி வைப்பதால் தண்ணீரும் 100 டிகிரியில் கொதிக்காது. 1.1 பார் அழுத்தம் தாங்கும் மூடி போட்டிருந்தால் சுமார் 120 டிகிரிவரை தாங்கும். இன்னொன்று, வெப்பத்தை வாங்கிக்கொண்டு போவதில் வெறும் தண்ணீர், கிளைக்கால் கலவையைவிட மேல். துருப்பிடிக்கும் என்பது உண்மை. அதற்குக் கிளைக்கால் இல்லாத துருத்தடுப்பு மருந்துகள் இருக்கின்றன. இல்லையென்றால் வீட்டுக்கு வந்ததும் தண்ணீரை வடித்துவிட்டுப் பழையபடி கூலன்ட்டை ஊற்றிக்கொள்ள வேண்டியதுதான். நான் அப்படித்தான் செய்வேன். அலுப்பான வேலை, முழங்கை வரை ஈரமாகும், ஆனாலும் முடியாத வேலை இல்லை.

எங்கள் நிகழ்ச்சியிலும் இந்த விதி இருந்தது. நாங்கள் கையெழுத்துப் போட்ட தாளில் தெளிவாக அச்சிட்டிருந்தது. காலையில் வண்டிச் சோதனையும் நடந்தது. செயின் தொய்வைப் பார்த்தார்கள், பிரேக் பேடைப் பார்த்தார்கள், ஆக்சிலரேட்டரைத் திருகி விட்டால் தானே திரும்புகிறதா என்று பார்த்தார்கள், விளக்கில் டேப் ஒட்டியிருக்கிறதா என்று பார்த்தார்கள். ரேடியேட்டரில் என்ன இருக்கிறது என்று என் கண்ணெதிரே ஒருவரும் பார்க்கவில்லை. என் வண்டியிலும் பார்க்கவில்லை, பக்கத்து வண்டியிலும் பார்க்கவில்லை. அதற்கு மூடியைத் திறக்கக்கூட வேண்டாம். பக்கவாட்டில் இருக்கும் உபரி டப்பா, உள்ளே இருப்பது வெளியே தெரிகிற பிளாஸ்டிக். பச்சையோ இளஞ்சிவப்போ தெரிந்தால் அது கூலன்ட். கசிந்தால் கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்றுதான் அந்தச் சாயத்தையே கலக்கிறார்கள். குனிந்து ஒரு பார்வை பார்த்திருந்தால் போதும். விதியை அச்சடித்தவர்கள் அந்தக் குனியலையும் சேர்த்துச் செய்திருக்க வேண்டும்.

இதை நான் அமைப்பாளர்களிடமே எழுத்தில் கொடுத்துவிட்டேன், அதனால் அவர்கள் பெயரை இங்கே எழுதவில்லை. ஆனால் நீங்கள் செய்தி எழுதும்போது கேட்டிருக்க வேண்டிய கேள்வி இது. இன்னொரு கேள்வியும் உண்டு. அந்த வளைவுக்கு முந்தைய மார்ஷல் நிலையத்தில் நின்றவருக்கு ஈரக்கோடு தெரிந்திருக்கிறது. என்னிடம் அவரே சொன்னார். மஞ்சளில் சிவப்புக் கோடுகள் போட்ட கொடி ஒன்று உண்டு, ‘தளத்தில் பிடிப்பு குறைவு, ஜாக்கிரதை’ என்று அர்த்தம். அந்தக் கொடி அவரிடம் கொடுக்கப்படவே இல்லை. அவர் கையில் இருந்தது மஞ்சளும் சிவப்பும் தனித்தனியாகத்தான். என்ன செய்வது என்று வாக்கிடாக்கியில் கேட்டுக்கொண்டிருந்தபோதே நான் அவரைத் தாண்டிப் போய்விட்டேன். நான் விழுந்ததும் அவர் மஞ்சள் கொடியைச் சுழற்றிய சுழற்றில் கம்பே முறிந்ததாம். அப்படிப்பட்ட மனிதரைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அந்தத் தம்பி பார்த்தது அந்தக் கொடியைத்தான். இனி அவரைப் பற்றி.

அவர் வண்டியின் முன்பக்கம் கேமரா இருந்தது. அமைப்பாளர்களின் அனுமதியோடு பொருத்தியது. அந்தக் காட்சியை நான் பார்த்தேன். ஒரு முறை அல்ல. வேலையில் சந்தேகமான படத்தைப் பார்ப்பது போல நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். நான் விழும்போது அவர் எனக்கு வெகு பின்னால், இன்னும் நேர்ப்பாதையில் இருக்கிறார். இடது ஓரத்தில் மஞ்சள் அசைகிறது. வளைவில் நானும் என் வண்டியும் தனித்தனியாகச் சறுக்கிக்கொண்டிருக்கிறோம், சரியாக அவர் போக வேண்டிய கோட்டில். அவர் சாய ஆரம்பித்திருந்த வண்டியை நிமிர்த்துகிறார். வளைவை விட்டுவிட்டு நேராக, தளத்தின் வெளிப்பக்கம் சரளை நிரப்பிய பள்ளத்துக்குப் போகிறார். அந்த நேரத்திலும் பிரேக்கை அமுக்கிப் பிடிக்கவில்லை. கூலன்ட் கிடந்த இடத்தைக் கடக்கும்போது வண்டி ஒரு தடவை ஆடுகிறது, சாயவில்லை. எங்கள் இருவருக்கும் நடுவே எந்தக் கட்டத்திலும் ஒரு வண்டியின் நீளத்துக்கும் குறைவான இடைவெளி இல்லை.

இதைப் படிக்கிறவர்களில் ஓட்டத் தெரிந்தவர்களுக்கு அதன் மதிப்பு தெரியும். பிடிப்பில்லாத இடத்தில் வண்டி சாய்ந்திருந்தாலும் விழும், பிரேக்கை அமுக்கினாலும் விழும். நிமிர்த்தி, பிரேக்கை விட்டு, நேராக விட்டால்தான் தாண்டும். அதைத்தான் காலையில் பயிற்றுநர் சொன்னார். கேட்டுக்கொண்டு தலையாட்டுவது வேறு, தளத்தில் ஒருத்தி விழுந்து கிடக்கும்போது, மனது வளைந்து திரும்பு திரும்பு என்று கத்தும்போது, நேராகப் போவது வேறு. சாய்த்திருந்தால் அவரும் அதே படலத்தில் வழுக்கி, அவரும் வண்டியுமாக என் மேல் வந்திருப்பார்கள். சரளையில் முன்சக்கரம் புதைந்து, வேகம் செத்த பிறகு பக்கவாட்டில் சாய்ந்தார். கால் வண்டிக்கு அடியில் மாட்டிக்கொண்டது. கணுக்கால் போனது அங்கேதான். நொண்டிக்கொண்டே என்னைப் பார்த்து அவர் கேட்ட முதல் கேள்வி, “அக்கா, கழுத்தை அசைக்காதீங்க, மார்ஷல் வர்றார், உங்க பேர் சொல்ல முடியுமா?” இவரைத்தான் ‘அதிவேக இளைஞர்’ என்று எழுதினீர்கள்.

சரி, என் கை. ‘லேசான காயம்’ என்று போட்டிருந்தீர்கள். அது உங்கள் தவறு இல்லை. அன்று பார்த்த மருத்துவமனையிலும் அப்படித்தான் சொன்னார்கள் (நான் வேலை பார்க்கும் இடம் அல்ல அது). மணிக்கட்டுக்கு இரண்டு கோணத்தில் படம் எடுத்தார்கள். எலும்பில் ஒன்றும் இல்லை, சுளுக்கு, வலி மாத்திரை என்றார்கள். நான் கட்டைவிரலை நிமிர்த்தி, அதன் அடியில் விழும் சின்னக் குழியில் இன்னொரு கையால் அழுத்திக் காட்டினேன். வலியில் கண் இருட்டியது. அங்கே வலித்தால் ஸ்கேஃபாய்ட் என்ற குட்டி எலும்பைச் சந்தேகப்பட வேண்டும். விழும்போது உள்ளங்கையை ஊன்றுபவர்களுக்கு அடிக்கடி உடைவது அதுதான். முதல் நாள் எக்ஸ்ரேயில் பல நேரம் தெரியாது. 10, 14 நாள் கழித்து எடுக்கும் படத்தில்தான் கோடு விழும், அல்லது எம்ஆர்ஐ எடுக்க வேண்டும். அதுவரை உடைந்ததாகவே வைத்துக் கட்டுப் போட்டு விடுவதுதான் முறை. ஏனென்றால் அந்த எலும்புக்கு ரத்தம் பெரும்பாலும் விரல் பக்க முனையிலிருந்து உள்ளே வருகிறது. நடுவில் உடைந்தால் மறுபாதிக்கு ரத்தம் போகாமல் எலும்பே செத்துப்போகலாம்.

சண்டை போட்டுத்தான் கட்டு வாங்கினேன். அடுத்த படத்தில் கோடு தெரிந்தது. என் சக ஊழியர் அதைத் திரையில் காட்டியபோது, வலியை மறந்து ‘அழகான படம்’ என்று சொல்லிவிட்டேன். தொழில் புத்தி. இதையெல்லாம் எழுதுவது பைக் ஓட்டாதவர்களுக்கும் சேர்த்துத்தான். குளியலறையில் வழுக்கி உள்ளங்கையை ஊன்றினாலும் இதே எலும்புதான். ‘சுளுக்கு’ என்று சொல்லி அனுப்பினால், அந்தக் குழியை ஒரு தடவை அழுத்திப் பாருங்கள். கையுறையின் உள்ளங்கையில் வழுக்கும் கடினத் துண்டு வைத்தது வாங்குவது எதற்காக என்றும் இப்போது கேட்பவர்களுக்கு என்னால் படம் காட்டிச் சொல்ல முடிகிறது. தரையில் கை பிடிபட்டு நிற்காமல் சறுக்க வேண்டும், அதற்காக. என்னுடையதில் அது இருந்தது. இருந்தும் உடைந்தது, ஆனால் விலகவில்லை. அதனால் அறுவை சிகிச்சை தேவைப்படவில்லை.

அந்தத் தம்பிக்குக் காலில் தகடு வைத்திருக்கிறார்கள். பார்க்கப் போனபோது எப்போது மறுபடி ஓட்டலாம் என்றுதான் கேட்கிறார். “லொரென்சோ இரண்டு நாளில் ஓட்டினாரே அக்கா” என்றார். உண்மைதான். 2013-இல் நெதர்லாந்தின் அசென் தளத்தில் உலக பைக் பந்தய வீரர் ஹோர்கே லொரென்சோ வியாழக்கிழமை விழுந்து காறை எலும்பை உடைத்துக்கொண்டார். பார்சிலோனாவுக்குப் பறந்து அறுவை சிகிச்சை செய்துகொண்டு, திரும்பி வந்து சனிக்கிழமை பந்தயத்தில் ஐந்தாவதாக வந்தார். அதோடு கதையை நிறுத்தினால் வீரம். ஆனால் இரண்டு வாரத்தில் அதே சாக்ஸன்ரிங்கில் மறுபடி விழுந்து அந்தத் தகடு வளைந்து, திரும்பவும் அறுவை சிகிச்சை ஆனது. இன்னொரு பந்தய வீரர் மார்க் மார்க்கெஸ் 2020 ஜூலையில் ஸ்பெயினின் ஹெரெஸ் தளத்தில் வலது கையின் மேல் எலும்பை உடைத்துக்கொண்டு, அறுவை சிகிச்சை முடிந்த அதே வாரத்தில் வண்டியில் ஏறிப் பார்த்தார். தகடு பின்னர் உடைந்தது, அந்த வருடம் முழுக்கப் போனது, 2022-க்குள் அதே எலும்புக்கு நான்கு அறுவை சிகிச்சைகள். இரண்டையும் சொன்னேன். தம்பி கொஞ்ச நேரம் காலைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, “சரி அக்கா, பிசியோவுக்கு ஒழுங்காகப் போகிறேன்” என்றார்.

விளையாட்டுப் பக்கத்தில் இப்படிப்பட்டவர்களை வீரர்கள் என்கிறோம். அவர்கள் விழுந்தால் டயரா, மின்னணுவா, தளமா என்று அரைப் பக்கம் அலசுகிறோம். சாதாரண ஆள் விழுந்தால் மட்டும் ஒரே காரணம், வேக மோகம். எனக்கு 46 வயது. மோகம் வரக்கூடிய வயதுதான் என்று என் அக்கா சொல்கிறாள், இருக்கட்டும்.

உங்கள் செய்தி ‘இதுபோன்ற நிகழ்ச்சிகளைத் தடை செய்ய வேண்டும் என்று கோரிக்கை எழுந்துள்ளது’ என்று முடிந்தது. யார் எழுப்பினார்கள் என்று இல்லை. தடை செய்தால் என்ன ஆகும் என்று மட்டும் யோசியுங்கள். அவசரமாக பிரேக் அடிப்பது எப்படி, வளைவில் எங்கே பார்ப்பது என்று கற்றுக்கொள்ள ஆசைப்படும் ஆட்கள் அந்த ஆசையைச் சாலையில் தீர்த்துக்கொள்வார்கள். சாலையில் எதிரே லாரி வரும். விழுந்து சறுக்கினால் நிறுத்தச் சரளைப் பள்ளம் இருக்காது, மின்கம்பம் இருக்கும். கொடி அசைக்க ஆள் இருக்காது. தளத்தில் எல்லோரும் ஒரே திசையில் போகிறோம், நான் எழுந்து உட்காரும் முன் ஆம்புலன்ஸ் வந்து நின்றது. ஹெல்மெட்டை இரண்டு பேர் சேர்ந்து, கழுத்தைத் தாங்கிக்கொண்டு கழற்றினார்கள். தலைசுற்றுகிறதா, இன்று என்ன கிழமை என்று கேள்வி மேல் கேள்வி கேட்டார்கள். அன்று எனக்குக் கெடுதல் செய்தது நிகழ்ச்சி நடந்தது அல்ல, நடத்தியதில் விட்டுப்போன இரண்டு விஷயம்: ஒரு பார்வை, ஒரு கொடி. இரண்டையும் சரிசெய்யச் சொல்லி நீங்கள் எழுதினால் அமைப்பாளர்கள் படிப்பார்கள். தடை என்று எழுதினால் தங்களைப் பற்றி இல்லை என்று அடுத்த பக்கத்துக்குப் போய்விடுவார்கள்.

நான் கேட்பது இதுதான். அந்த இளைஞர் யார் மீதும் மோதவில்லை என்று ஒரு திருத்தம் போடுங்கள், செய்தி வந்த அதே பக்கத்தில். கேமராக் காட்சியைத் தர அவர் தயாராக இருக்கிறார். என்னிடமும் ஒரு பிரதி இருக்கிறது, உங்கள் செய்தியாளர் எப்போது வேண்டுமானாலும் வந்து பார்க்கலாம். என் பெயரைச் செய்தியில் விட்டிருந்தீர்கள், அவர் பெயரை மட்டும் போட்டீர்கள். திருத்தத்திலும் அவர் பெயரைப் போடுங்கள். போன முறை அதில் ஒரு எழுத்து தவறு, இந்த முறை அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் நீண்ட நாள் வாசகி